பனிப்படலம் மூடிச் சென்ற செம்பும் பொன்னும்: பார்ஃபிரிப் படிவுகளைத் தேடும் முறை

கனடாவின் மேற்குக் கரை மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் நடுப்பகுதியில், பிரின்ஸ் ஜார்ஜ் நகரைச் சுற்றிப் பரந்து கிடக்கும் பீடபூமியில் ஒரு நாள் முழுவதும் நடந்தாலும் அடிப்பாறையை ஒரு முறைகூடக் கண்ணால் காணாமல் திரும்ப நேரிடலாம். எங்கும் ஸ்ப்ரூஸ் மரக் காடுகளும் சதுப்பு நிலங்களும் சிறு ஏரிகளுமாக இருக்கும். அவற்றுக்கு அடியில் களிமண்ணும் மணலும் கூழாங்கற்களும் கலந்த ஒரு போர்வை விரிந்திருக்கிறது. சில மேடுகளில் அதன் கனம் ஒரு மீட்டர்தான். சில பள்ளத்தாக்குகளில் அது நூறு மீட்டரையும் தாண்டும். அதற்கும் கீழே இருப்பவை, ஏறத்தாழ 21 கோடி முதல் 18 கோடி ஆண்டுகளுக்கு முன், கடலிலிருந்த எரிமலைத் தீவு வரிசை ஒன்றில் உருவாகிப் பின்னர் வட அமெரிக்கக் கண்டத்தோடு வந்து ஒட்டிக்கொண்ட பாறைகள். குவெனல் நிலத்துண்டு என்று அழைக்கப்படும் இந்தப் பாறைப் பட்டையில்தான் மவுண்ட் மில்லிகன், மவுண்ட் பாலி, நியூ ஆஃப்டன், ஹைலேண்ட் வேலி ஆகிய சுரங்கங்கள் உள்ளன. பாறை வெளியே தெரியும் இடங்களிலேயே இத்தனை படிவுகள் இருக்கின்றன என்றால், போர்வை கனமாக மூடிய இடங்களுக்கு அடியில் இன்னும் சில இருக்கத்தான் வேண்டும் என்பது நிலவியலாளர்களின் கணிப்பு. அவற்றை எப்படித் தேடுகிறார்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில், தேடப்படும் பொருள் என்ன என்பது தெளிவாக வேண்டும். பெரிய படிகங்கள் நுண்மணித் திரள் ஒன்றில் பதிந்து கிடக்கும் பாறைக்கு பார்ஃபிரி என்று பெயர். பண்டைய ரோமானியர் எகிப்தில் வெட்டியெடுத்த ஊதா நிறக் கல்லைக் குறிக்க, ஊதா என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. இன்று அது நிறத்தைக் குறிக்காமல் பாறையின் அமைப்பையே குறிக்கிறது. பூமிக்குள் மாக்மா மெதுவாகக் குளிரும்போது பெரிய படிகங்கள் வளர்கின்றன. பின்னர் அது மேலெழுந்து விரைந்து குளிரும்போது மீதியெல்லாம் நுண்மணிகளாக உறைந்துவிடுகிறது. கடல் தட்டு ஒன்று கண்டத்தின் அடியிலோ தீவு வரிசையின் அடியிலோ அமிழும் இடங்களில் எழும் மாக்மாவில் நீர் நிறையக் கரைந்திருக்கும். தரைமட்டத்திலிருந்து 1 முதல் 4 கிலோமீட்டர் ஆழத்துக்கு அந்த மாக்மா ஏறி வந்ததும் அழுத்தம் குறைகிறது. சோடா புட்டியைத் திறந்ததும் வாயு பொங்குவதுபோல், கரைந்திருந்த நீர் பிரிந்து, செம்பையும் பொன்னையும் கந்தகத்தையும் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. அதன் வேகத்தில் சுற்றியுள்ள பாறை நொறுங்கி ஆயிரக்கணக்கான நுண் விரிசல்கள் உண்டாகின்றன. அந்தக் கொதிநீர் குளிரக் குளிர, விரிசல்களில் குவார்ட்ஸ் நரம்புகளும், அவற்றோடு சால்கோபைரைட் போன்ற செம்பு சல்ஃபைடுகளும், மிக நுண்ணிய அளவில் பொன்னும் தங்கிவிடுகின்றன.

இப்படிவுகளில் செம்பு அடர்த்தியாக இருப்பதில்லை. ஒரு டன் பாறையில் 2 முதல் 10 கிலோ வரை செம்பும், ஒரு கிராமுக்கும் குறைவான பொன்னும் இருந்தாலே, ஏற்ற சூழலில் அது சுரங்கமாகிவிடும். அளவுதான் இவற்றின் பலம். ஒரே படிவில் பல கோடி டன் முதல் பல நூறு கோடி டன் வரை தாதுப்பாறை இருக்கும் என்பதால், தரம் குறைந்திருந்தாலும் பெரிய இயந்திரங்களைக் கொண்டு வெட்டுவது கட்டுபடியாகிறது. மவுண்ட் மில்லிகன் ஆலை நாளொன்றுக்கு 60,000 டன் பாறையை அரைக்கும் வகையில் கட்டப்பட்டது. உலகின் செம்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு பார்ஃபிரிப் படிவுகளிலிருந்தே வருகிறது. மின்கம்பி, மோட்டார், மின்மாற்றி என்று மின்சாரம் பாயும் இடமெல்லாம் செம்பு தேவைப்படும் காலத்தில், புதிய படிவுகளைத் தேடும் வேலை நிற்கப்போவதில்லை.

தேடுபவருக்கு இயற்கை செய்திருக்கும் பெரிய உதவி ஒன்று உண்டு. செம்பைக் கொண்டுவந்த அதே கொதிநீர், சுற்றியுள்ள பாறையின் கனிமங்களையும் வெந்நீரில் ஊறவைத்ததுபோல் மாற்றிவிடுகிறது. அந்த மாற்றம் மையத்திலிருந்து வெளிநோக்கி வளையம் வளையமாக வேறுபடுகிறது. நடுவில், வெப்பம் மிகுந்த இடத்தில், பொட்டாசியம் நிறைந்த ஃபெல்ட்ஸ்பாரும் கருமையான பயோடைட்டும் உருவாகின்றன. பொன் நிறைந்த படிவுகளில் காந்தத் தன்மையுள்ள மேக்னடைட்டும் அங்கே மிகுதியாக இருக்கும். அதைச் சூழ்ந்து பல படிவுகளில் வெளிறிய செரிசைட்டும் இரும்பு சல்ஃபைடான பைரைட்டும் கொண்ட வளையம் அமையும். எல்லாவற்றுக்கும் வெளியே, பச்சை நிற எபிடோட்டும் குளோரைட்டும் கொண்ட பகுதி சில கிலோமீட்டர் தொலைவுக்குப் பரவியிருக்கும். 1970-இல் லோவெல், கில்பர்ட் என்ற இரு அமெரிக்க நிலவியலாளர்கள் இந்த வளைய அமைப்பைத் தெளிவாக வரைந்து வெளியிட்டனர். இன்றும் இத்துறையில் நுழையும் மாணவர் முதலில் கற்பது அந்தப் படத்தைத்தான். வெட்டத்தக்க தாது சில நூறு மீட்டர் அகலமே இருக்கலாம். ஆனால் அதைச் சுற்றியுள்ள அடையாளங்கள் அதைப் போலப் பல மடங்கு பெரியவை. ஆகவே தேடுபவர் நேராகத் தாதுவைத் தேடுவதைவிட, அடையாளத்தின் ஓரத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து உள்நோக்கி நடக்கவே முயல்கிறார்.

சிலியின் அடகாமா பாலைவனத்தில் இந்த வேலை ஓரளவு எளிது. அங்கே பாறை வெட்டவெளியில் கிடக்கிறது. சல்ஃபைடுகள் துருப்பிடித்துச் செங்காவி நிறமும், செம்பு வெளிப்பட்ட இடங்களில் பச்சை நிறமும் கண்ணுக்கே தெரியும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதியில் அந்தச் செந்நிறத் தொப்பியைப் பனி சுரண்டி எடுத்துவிட்டது. பக்கத்து ஆட்சிப்பகுதியான யூகானின் மேற்குப் பகுதிக்குப் பனிப்படலம் எட்டவில்லை. அதனால் அங்குள்ள கசினோ என்ற பார்ஃபிரிப் படிவில், பழங்கால மழைநீர் மேலிருந்து கரைத்துக் கீழே சேர்த்த செம்புப் படுகை இன்றும் அப்படியே இருக்கிறது. பனி என்ன செய்தது என்பதை அறிய இந்த ஒப்பீடு ஒன்றே போதும்.

கடைசிப் பனியூழியில் கார்டிலெரன் பனிப்படலம் இம்மாகாணத்தை ஏறக்குறைய முழுவதுமாக மூடியிருந்தது. சில இடங்களில் அதன் கனம் 2 கிலோமீட்டர் அளவுக்கு உயர்ந்தது. சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முன் உச்சத்தை அடைந்த அது, சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலும் உருகி மறைந்தது. அவ்வளவு எடையுள்ள பனி அசையாமல் இருப்பதில்லை. மெதுவாக நகரும் அதன் அடியில் கற்கள் பதிந்திருக்கும். அவை மரத்தை அரம் ராவுவதுபோல் அடிப்பாறையை ராவும். ராவிய பொடியும் பிடுங்கிய கற்களும் பனியோடு சென்று, வேறோர் இடத்தில் அழுத்தி அப்பப்படுகின்றன. இவ்வாறு பனியின் அடியில் நேரடியாகப் படிந்த, களி முதல் பாறாங்கல் வரை எல்லா அளவும் கலந்த இறுகிய மண்ணை நிலவியலாளர் டில் என்கின்றனர்.

தொடக்க நிலை மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இதுதான்: பனியூழி விட்டுச்சென்ற போர்வை முழுவதும் டில் அன்று. உருகிய நீர் ஆறுகளாக ஓடி அலசிச் சேர்த்த மணலும் சரளையும் உண்டு. பனி அணைகட்டித் தேக்கிய ஏரிகளின் அடியில் படிந்த வண்டலும் களியும் உண்டு. டில்லில் உள்ள பொருள் பெரும்பாலும் ஒரே ஒரு முறை, ஒரே திசையில் நகர்ந்தது. ஆகவே அது புறப்பட்ட இடத்தைத் தேடிப் போக முடியும். ஆற்றுச் சரளை பனியில் ஒரு முறையும் நீரில் மறுமுறையும் பயணம் செய்ததால் அதன் பிறப்பிடத்தைச் சொல்வது கடினம். ஏரிக் களியோ, எங்கெங்கிருந்தோ வந்த நுண்துகள்களின் கலவை. கீழே பெரிய படிவு ஒன்று இருந்தாலும் அதைப் பற்றி அது எதையும் சொல்லாது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எடுத்த மாதிரிகளின் எண்களை வைத்து ஒரு பகுதியில் செம்பு இல்லை என்று முடிவு செய்வது, இத்துறையில் நேரக்கூடிய மிகப் பெரிய பிழை என்று நான் கருதுகிறேன். எனவே மாதிரி எடுப்பதற்கு முன்பே, எந்த நிலம் எந்த வகைப் போர்வையால் மூடப்பட்டுள்ளது என்று காட்டும் மேற்பரப்பு வரைபடம் வேண்டும். போர்வையை அறியாததன் விலை தேடலோடு நிற்பதுமில்லை. 2014 ஆகஸ்ட் 4 அன்று மவுண்ட் பாலி சுரங்கத்தின் கழிவுத் தேக்க அணை உடைந்து, ஏறத்தாழ 2.5 கோடி கன மீட்டர் நீரும் கழிவும் பாலி ஏரிக்கும் ஹேசல்டைன் ஓடைக்கும் குவெனல் ஏரிக்கும் பாய்ந்தன. ஆராய்ந்த சுயேச்சைக் குழு, அணையின் அடித்தளத்தில் இருந்த பனியூழி ஏரிப் படிவு அடுக்கு ஒன்றின் வலிமையை வடிவமைப்பு கணக்கில் கொள்ளாததே முதன்மைக் காரணம் என்று 2015-இல் தெரிவித்தது.

டில் எப்படி வழிகாட்டுகிறது என்பதை வீட்டுத் தரையிலேயே செய்து பார்க்கலாம். தரையில் ஓரிடத்தில் ஒரு சிட்டிகை மஞ்சள் பொடியை வைத்து, அதன் மேல் ஈரத் துணியை ஒரே திசையில் இழுத்தால், மஞ்சள் நீண்ட தடமாகப் பரவும். பொடி இருந்த இடத்துக்கு அருகே நிறம் அழுத்தமாகவும், போகப் போக வெளிறியும் இருக்கும்; அகலமும் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். தாதுப்பாறையைப் பனி ராவிச் சென்றபோது இதுவே நடந்தது. ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள படிவிலிருந்து பல கிலோமீட்டர் நீளமுள்ள தடம் உருவாகிறது. மூடி மறைத்த அதே பனி, மறைந்ததைத் தேட வேண்டிய பரப்பையும் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டது என்பதுதான் இந்தத் தேடலின் அடிப்படை. இன்னொரு நுட்பமும் உண்டு: பனி தன் அடியில் சேர்த்த பொருள் நகர நகரச் சிறு கோணத்தில் மேலே ஏறுகிறது. டில் கனமாக உள்ள இடத்தில் படிவுக்கு நேர் மேலே தரைமட்டத்தில் ஒன்றும் தெரியாமல், சற்றுத் தள்ளி, பனி சென்ற திசையில்தான் செம்பு தலைகாட்டும்.

இந்த அறிவு புதிதன்று. ஸ்வீடனைச் சேர்ந்த டானியல் டிலாஸ் 1740-லேயே, சிதறிக் கிடக்கும் தாதுக் கற்களைப் பின்தொடர்ந்து அவற்றின் மூலத்தை அடையும் முறையைப் பற்றி எழுதினார். கற்களை நகர்த்தியது பனி என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1908-இல் பின்லாந்தின் கிவிசால்மியில் கால்வாய் தூர்வாரியபோது செம்பு நிறைந்த பாறாங்கல் ஒன்று வெளிப்பட்டது. அதன் வழியைத் திரும்பத் தேடிய ஓட்டோ டிரஸ்டெட், 1910-இல் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் ஓட்டோகும்பு படிவைக் கண்டுபிடித்தார். அது பார்ஃபிரி வகையைச் சேர்ந்ததன்று. ஆனால் முறை அதேதான். 1960-களில் பின்லாந்து நிலவியலாளர்கள், கந்தகத் தாது உள்ள கற்களை மோப்பம் பிடிக்க நாய்களுக்குப் பயிற்சி அளித்ததும் இந்தத் தேடலின் தொடர்ச்சியே.

தடத்தைப் பின்னோக்கித் தொடர வேண்டுமானால் பனி எந்தத் திசையில் நகர்ந்தது என்பது தெரிய வேண்டும். அடிப்பாறை வெளிப்பட்டுள்ள இடங்களில் காணும் இணையான கீறல்கள் அதைச் சொல்லும். பனி வடித்த நீள்முட்டை வடிவ மேடுகளும், கடினப் பாறைக் குமிழின் பின்னால் வால்போல் நீளும் மண்மேடுகளும் வானிலிருந்து லேசர் கொண்டு எடுத்த நிலவுருப் படங்களில் அழகாகத் தெரிகின்றன. சிக்கல் எங்கே எழுகிறது என்றால், பனி எல்லாக் காலமும் ஒரே திசையில் செல்லவில்லை. மவுண்ட் பாலிப் பகுதியில் அது முதலில் கரிபூ மலைகளிலிருந்து தென்மேற்காக இறங்கி, பின்னர் படலம் தடித்தபோது வடமேற்காகத் திரும்பியது. ஈரத் துணியை ஒரு பக்கம் இழுத்துவிட்டு மறுபடி வேறு பக்கம் இழுத்தால் மஞ்சள் எப்படி விசிறிபோல் விரியுமோ, அங்கே டில்லில் செம்பும் அப்படித்தான் விரிந்திருக்கிறது. ஒரே பாறையில் ஒன்றையொன்று வெட்டும் இரு கீறல் தொகுதிகளில் எது முந்தியது என்று பொறுமையாகப் பார்த்துக் குறிப்பவரே இங்கே சரியான விடையை அடைகிறார்.

மாதிரி எடுப்பது உடலுழைப்பு மிகுந்த வேலை. வேரும் இலைமக்கும் கலந்த மேல்மண்ணையும், அதன் கீழே துருப்பிடித்த பழுப்பு மண்ணையும் தாண்டி, காற்றும் நீரும் அதிகம் மாற்றாத சாம்பல் நிற டில் வரும்வரை, பொதுவாக ஒரு மீட்டர் அளவுக்குக் குழி தோண்ட வேண்டும். ஒரு சிறு பை ஆய்வகத்துக்குப் போகிறது, அங்கே 0.063 மில்லிமீட்டருக்கும் நுண்ணிய வண்டல், களிப் பகுதியைச் சலித்தெடுத்து அமிலத்தில் கரைத்துச் செம்பு, பொன், மாலிப்டினம், வெள்ளி, துத்தநாகம், ஆர்செனிக், ஆன்டிமனி ஆகியவற்றை அளக்கின்றனர். செம்பு மட்டும் உயர்ந்திருந்தால் அது எரிமலைப் பாறையின் இயல்பான செம்பாகவும் இருக்கலாம். கூடவே மாலிப்டினமும் பொன்னும் உயர்ந்து, பனித்திசையில் நீண்ட வடிவமும் தெரிந்தால் நம்பிக்கை வலுக்கிறது.

பத்து கிலோவுக்கு மேற்பட்ட இன்னொரு பெரிய பை, கன கனிமங்களைப் பிரிப்பதற்காக எடுக்கப்படுகிறது. நீரிலும் கனமான திரவங்களிலும் பிரித்தெடுத்த மணிகளை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணும் இந்த வேலையில் எனக்குத் தனி மதிப்பு உண்டு. ஏனெனில் வேதிப்பகுப்பு செம்பின் அளவை மட்டும் சொல்ல, மணிகள் அந்தச் செம்பு எந்தக் கனிமத்தில், எந்த வளையத்திலிருந்து வந்தது என்பதையும் சொல்கின்றன. கனடா நிலவியல் ஆய்வு நிறுவனமும் மாகாண நிலவியல் துறையும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலுள்ள ஹைலேண்ட் வேலி, ஜிப்ரால்டர், மவுண்ட் பாலி, உட்ஜாம் ஆகிய இடங்களில் நடத்திய ஆய்வுகளில், படிவுகளிலிருந்து பனி சென்ற திசையில் உள்ள டில்லில் சால்கோபைரைட்டும் பொன் மணிகளும் எபிடோட்டும் மிகுந்திருப்பதைக் கண்டனர். சால்கோபைரைட் மென்மையானது, காற்றுப்பட்டால் எளிதில் சிதைவது. ஆகவே அது டில்லில் முழுதாகக் கிடைத்தால், குழி போதிய ஆழம் தோண்டப்பட்டிருக்கிறது என்பதற்கும் அதுவே சான்று. எபிடோட் கடினமானது, நெடுந்தொலைவு தாங்கும்; வெளி வளையத்தின் தூதுவன் என்று அதைச் சொல்லலாம். பொன் மணியின் வடிவமும் பேசும். விளிம்புகள் கூர்மையாக இருந்தால் அது அருகிலிருந்து வந்தது. மடிந்தும் உருண்டும் இருந்தால் நெடும்பயணம் செய்தது என்று பொதுவாகக் கொள்வர்.

போர்வையைத் தோண்டாமலேயே ஊடுருவிப் பார்க்கும் வழிகளும் உள்ளன. காந்த அளவீட்டுக்கு டில் ஏறக்குறைய கண்ணாடிபோல. ஹெலிகாப்டரில் கட்டிப் பறக்கும் கருவி, கீழே மேக்னடைட் மிகுந்த மையத்தைப் புடைப்பாகக் காட்டும். மவுண்ட் பாலி 1964-இல் கவனத்துக்கு வந்ததே, அரசு வெளியிட்ட வான்வழிக் காந்த வரைபடத்தில் தெரிந்த அத்தகைய புடைப்பைத் தொடர்ந்து சென்றதால்தான். ஆனால் பிற்காலத்தில் பெருகி ஓடிய எரிமலைக் குழம்பும் காந்தத்தன்மை உடையது. செரிசைட் வளையத்திலோ மேக்னடைட் அழிந்துபோயிருக்கும். எனவே காந்தப் புடைப்பெல்லாம் செம்பும் அன்று, காந்தப் பள்ளமெல்லாம் வெறுமையும் அன்று. அடுத்த கருவி தூண்டு முனைவாக்கம். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தித் திடீரென நிறுத்தினால், பாறையில் சிதறியுள்ள சல்ஃபைடு மணிகள் சிறு மின்கலங்கள்போல் தேக்கிய மின்னூட்டத்தை மெல்ல விடுவிக்கும். அந்தத் தேய்வை அளந்தால் பைரைட் வளையம் தெரியவரும். கிராஃபைட்டும் சிலவகைக் களிகளும் இதே விளைவைத் தருவதும், ஈரமான ஏரிக் களி மின்சாரத்தைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஆழத்துக்குச் செல்லவிடாமல் தடுப்பதும் இதன் குறைகள். 2007-இல் ஜியோசயன்ஸ் பிசி என்ற அமைப்பு க்வெஸ்ட் என்ற திட்டத்தைத் தொடங்கி, குவெனல் நிலத்துண்டின் மூடிய பகுதிகளின் மேல் மின்காந்த, ஈர்ப்பு அளவீடுகளை எடுத்து, ஏரி வண்டல் மாதிரிகளையும் சேர்த்து, எல்லாத் தரவையும் பொதுவில் வெளியிட்டது. தனியொரு நிறுவனத்தால் செய்ய முடியாத அளவிலான இந்தப் பொதுத்தரவு, சிறு குழுக்களும் தேடலில் இறங்க வழிசெய்தது.

மரங்களும் சிறிது உதவுகின்றன. வேர்கள் டில்லுக்குள் ஊடுருவி நீரை உறிஞ்சும்போது உலோகங்களையும் சிறிதளவு இழுத்துக்கொள்கின்றன. ஸ்ப்ரூஸ் மரத்தின் பட்டையையும் நுனிக்கிளைகளையும் எரித்துச் சாம்பலாக்கியோ நேரடியாகவோ பகுத்தாய்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு துளையிடல்தான் தீர்ப்பு வழங்கும். டில்லின் செம்புத் தடம், பனித்திசையின் எதிர்ப்புறத்தில் அது சட்டென்று நிற்கும் இடம், அங்கே ஒரு காந்தப் புடைப்பு, அதைச் சுற்றி மின்னூட்டம் காட்டும் வளையம் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் புள்ளியில் முதல் துளை வைக்கப்படுகிறது. இரும்புக் குழாயை இறக்கித் தளர்ந்த மண்ணைக் கடந்து, வைரம் பதித்த முனையால் பாறையை உருளை உருளையாக வெட்டி மேலே எடுக்கிறார்கள். முதல் துளை தாதுவைத் தொடாமல் போவதே வழக்கம். ஆனால் வெளிவந்த பாறையில் எபிடோட் மட்டுமே உள்ளதா, பைரைட் கூடுகிறதா, குவார்ட்ஸ் நரம்புகள் நெருங்குகின்றனவா என்று பார்த்தே அடுத்த துளையின் இடம் குறிக்கப்படுகிறது. அரிசோனாவின் சான் மானுவல் சுரங்கத்தில் லோவெல் செய்தது இதையே. தெரிந்த படிவைச் சுற்றி வளையங்கள் முழுமையாக இல்லாமல் பாதி வட்டமாக நிற்பதைக் கவனித்த அவர், நிலப்பிளவு ஒன்று படிவை இரண்டாக வெட்டி மறுபாதியை நகர்த்தியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். ஏற்கெனவே மற்றவர்கள் இட்டுத் தாது கிடைக்காமல் கைவிட்ட துளைகளின் பாறையில் வளையங்கள் எந்தப் பக்கம் மாறுகின்றன என்பதைப் பார்த்துப் புதிய துளைகளை இட்டபோது, 1965-இல் பல நூறு மீட்டர் ஆழத்தில் கலமசூ என்ற அந்த மறுபாதி கிடைத்தது.